லிஃப்ட் வாசலில் ஒரு கூட்டம்

“ஊது!”

அடுப்பில் பால் பொங்கி வரும் நேரம். மருமகள் கரண்டியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தாள். சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு மாமியார் நின்றிருந்தாள். அவள் தோளுக்குப் பின்னாலிருந்து நாத்தனாரின் ஒரு கண் மட்டும் எட்டிப் பார்த்தது.

“எதை அத்தை? கேஸ் அடுப்பு தானே இது...”

“அடுப்பை இல்லடி! வாயை! என் மூஞ்சிக்கு நேரா வந்து ஊது!”

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. அதைத் துடைக்கக்கூட மாமியார் விடவில்லை. மருமகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள். மாமியார் மூக்கை அங்குமிங்கும் திருப்பி மோப்பம் பிடித்தாள்.

“ஒரு வாசனையும் வரல...” என்றாள் மகளைப் பார்த்து.

“அதாம்மா சந்தேகமே! காலங்காத்தால யார் வாயிலயாவது ஒரு வாசனையும் வராம இருக்குமா? எதையோ மென்னு மறைச்சிருக்காங்க அண்ணி!”

இந்த நாத்தனாருக்கு அவள் அண்ணன் சின்ன வயதிலேயே வைத்த பேர் ரேடியோ. முதல் பஸ்ஸைப் பிடித்து அவள் வந்து இறங்கியதே இந்த ஒலிபரப்புக்காகத்தான். முந்தாநாள் சாயங்காலம் கடைவீதியில் இருக்கும் பழைய நாலு மாடிக் கட்டிடத்துக்குப் பல் பிடுங்கப் போயிருக்கிறாள். பல் டாக்டர் இருப்பது இரண்டாவது மாடியில். அந்த லிஃப்டோ யார் பேச்சையும் கேட்காத லிஃப்ட். அது அவளை நேராக நாலாவது மாடியில் கொண்டுபோய் விட்டது. அங்கே கதவு திறந்திருந்த ஒரு கூடத்தில் நீள மேஜையைச் சுற்றிப் பத்துப் பேர். நடுவில் அண்ணி! “எனக்குக் குடிப்பழக்கம் இருக்குங்க” என்று அண்ணி சொன்னதைத் தன் இரண்டு காதாலும் கேட்டிருக்கிறாள். பல்வலி அந்த நொடியே பறந்துபோனதாம்.

“சொல்லுடி! என் பொண்ணு பொய் சொல்றாளா? அங்க போனியா இல்லையா?”

மருமகளுக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். குடிக்கிறது நான் இல்ல அத்தை, உங்க பிள்ளை. அவ்வளவுதான், இந்த வீடே தலைகீழாகத் திரும்பிவிடும். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மாமனார் குடித்தே போனவர். மாமியார் அந்த மனிதரோடு பட்ட பாடு ஊருக்கே தெரியும். அவர் போன பிறகு அவளுக்கு வாழ்க்கையில் மிஞ்சியது ஒரே ஒரு பெருமைதான். யார் வீட்டுக்கு வந்தாலும், ஏன், மின்கட்டணம் கணக்கெடுக்க வந்தவரிடம்கூடச் சொல்லுவாள்: “அப்பன் அப்படி. ஆனா என் பிள்ளை ஒரு சொட்டு தொட மாட்டான்.” அந்தப் பிள்ளைதான், ஒரு நாள் பொண்டாட்டியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கெஞ்சினான். “எங்கம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. அப்பன் மாதிரியேன்னு அவ வாயால கேட்டுட்டேன்னா, அப்புறம் நான் நிறுத்தி என்ன பிரயோஜனம்?” அவள் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள்.

“ஆமா அத்தை,” என்றாள் மருமகள். “போனேன். எனக்குத்தான்... அந்தப் பழக்கம். இப்ப விட்டுட்டேன்.”

ரேடியோவே ஒரு கணம் நின்றுபோனது.

மாமியார் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். “ஐயோ... ஒருத்தனைக் கட்டி அழுது முடிச்சேன்னு நினைச்சேனே! இப்ப மருமக ரூபத்துல வந்து நிக்குதே! என் பிள்ளை தங்கம்டி... தங்கத்தைப் போய் இப்படி ஒரு சாக்கடையில போட்டேனே... இனிமே நீ இந்த அடுப்பைத் தொடாதே! சாயங்காலம் அவன் வரட்டும், உன்னை உங்கம்மா வீட்டுல கொண்டுபோய் விடச் சொல்றேன்!”

தங்கம் இந்த நேரத்துக்கு என்ன செய்துகொண்டிருக்கும் என்பது மருமகளுக்குத் தெரியும். அதுவும் ஊதிக்கொண்டுதான் இருக்கும். கம்பெனி வாசலில், சூப்பர்வைசர் நீட்டும் கருவிக்குள். தினமும் காலையில் ஊதிக் காட்டிவிட்டுத்தான் அவன் வேலைக்குப் போகவேண்டும். ஒரே வீட்டில் புருஷன் ஒரு பக்கமும் பொண்டாட்டி ஒரு பக்கமும் ஊதவேண்டும் என்று எழுதியிருக்கிறது போல என்று நினைத்தபோது, அந்த அழுகையிலும் அவளுக்குச் சிரிப்பு முட்டியது. அதை மாமியார் பார்த்துவிட்டாள்.

“சிரிக்கிறா பாரு! போதை இன்னும் தெளியல!”

அவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்டவன் ஒரு நாள் மெயினை அணைக்காமலேயே லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டான். குடித்திருந்தான். சூப்பர்வைசர் காலரைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். நல்ல மனுஷர் அவர். வேலையை விட்டு விரட்டவில்லை. “ஏதாவது ஒரு குழுவுல சேரு. குடியை விட்டவங்க கூடிப் பேசுற கூட்டம் ஊருல எத்தனையோ இருக்கு. இந்த மாசம் முடியறதுக்குள்ள சேர்ந்துட்டேன்னு வந்து சொல்லு. இல்லன்னா உன்னைக் குழிக்குள்ள அனுப்பி என்னால தூங்க முடியாதுப்பா” என்று சொல்லியிருந்தார்.

குடியை அவன் நிறுத்திவிட்டான். அதிலே பொய்யில்லை. ஆனால் கூட்டம் என்றால் காத தூரம் ஓடினான். ஒரே ஒரு தடவை போனான், பாதியில் எழுந்து வந்தான். வரும் வழியில் ஒரு பாட்டில் வாங்கிவிட்டான். வீட்டு வாசல்வரை கொண்டுவந்து, சாக்கடையில் ஊற்றிவிட்டு, பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கி அழுதான். “எல்லாரும் வட்டமா உட்கார்ந்து என் மூஞ்சியையே பார்க்கிறாங்கடி... கையை எங்க வைக்கிறதுன்னே தெரியல. எனக்கு இதெல்லாம் ஒத்து வராது, விட்டுடு.”

அவள் விடவில்லை. அவள் வேலையே அப்படி. கடைவீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறாள். வருகிறவர் மூக்கில் வெறும் சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டுப் போட்டு எடுத்து, “இதுவா... இதுக்கு முன்னாடி போட்டதா... எது தெளிவா இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். முதல் வில்லை சரியில்லை என்பதற்காக, உன் கண்ணே அவ்வளவுதான் என்று யாரையாவது திருப்பி அனுப்ப முடியுமா?

“நான் பார்த்து வைக்கிறேன். பொருத்தமான கூட்டம் ஒன்னு இல்லாமலா போயிடும்? நீங்க ஒரே ஒரு தடவை வந்தா போதும்” என்று அவனிடம் பேசி முடித்தாள். மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி கூட்டம் பார்க்கக் கிளம்பினாள்.

ஒரு கூட்டத்தில் மைக் வைத்திருந்தார்கள். மைக்கைக் கண்டால் அவள் புருஷன் ஜன்னல் வழியாகக் குதித்துவிடுவான். இன்னொன்றில் எல்லாரும் கல்லூரிப் பையன்கள். பேச்சு பிரமாதம், ஆனால் வேகம் அவளுக்கே பிடிபடவில்லை. வேறொன்றில் யார் அதிகம் கஷ்டப்பட்டார் என்று ஒரு போட்டியே நடந்தது. ஒன்றில் ஒரு பெரியவர் அரை மணி நேரம் புத்தி சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த இவளுக்கே எங்கேயாவது போய்க் குடிக்கலாமா என்று தோன்றியது. குறை கூட்டங்களில் இல்லை. அங்கே வந்தவர்கள் கண்கலங்கி, மனம் லேசாகித்தான் திரும்பிப் போனார்கள். அவர்கள் கண்ணுக்கு அந்த வில்லை சரி, அவ்வளவுதான்.

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. சில கூட்டங்களில் குடிப்பவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. வேடிக்கை பார்க்க வந்தேன் என்று சொன்னால் வாசலோடு சரி. அதனால்தான் அவள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, “எனக்குத்தாங்க” என்று சொல்லி உள்ளே போய் உட்கார ஆரம்பித்தாள். தன் பேரைத் தானே கெடுத்துக்கொள்கிறோம் என்று தெரிந்துதான் செய்தாள்.

கடைசியில் அந்த நாலாவது மாடிக்கு வந்து சேர்ந்தாள்.

எந்தக் காலத்திலோ மூடிப்போன டைப்ரைட்டிங் நிலையத்தின் கூடம் அது. அங்கே பாடம் சொல்லிக் கொடுத்த டீச்சர்தான் கூட்டத்தை நடத்தினாள். அவளும் ஒரு காலத்தில் மேஜை டிராயரில் பாட்டில் வைத்திருந்தவள். உள்ளே நுழைந்ததும் மருமகள் வாயைப் பிளந்தாள். ஒருவரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை! பேக்கரிக்காரர் ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். போஸ்ட்மேன் ஊரார் செருப்பையெல்லாம் வாங்கி வைத்துப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் பட்டன் தைத்தார், ஒருத்தி பட்டாணி உரித்தாள். மூலையில் பழுதான மின்விசிறிகள் குவிந்து கிடந்தன.

“கை சும்மா இருந்தா பாட்டிலைத் தேடும்மா,” என்றாள் டீச்சர். “கை வேலையில இருந்தா வாய் தானா உண்மையைப் பேசும். நீயும் ஏதாவது எடுத்துக்கோ.”

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தோன்றியபோது ஒருவர் பேசினார். பேசி முடித்ததும் புத்தி இல்லை, ஆறுதல் இல்லை, கைதட்டல் இல்லை. எல்லாரும் வேலையிலிருந்து தலையைத் தூக்காமலேயே ஒரே வார்த்தை சொன்னார்கள்.

“கேட்டோம்.”

மருமகளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதுதான்... இதேதான்! அந்த மின்விசிறிக் குவியலைப் பார்த்தபோது அவன் ஸ்குரூ டிரைவரோடு அங்கே உட்கார்ந்திருப்பது கண்ணிலேயே தெரிந்தது. தன் முறை வந்தபோது அந்தப் பரவசத்தில் அவள் சற்று அதிகமாகவே அளந்துவிட்டாள். தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் பிராந்தியைச் சூடான பாலில் கலந்து இரண்டு டம்ளர் குடித்ததாகச் சொன்னாள். பேக்கரிக்காரர் ஸ்வெட்டருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அழுகிறார் பாவம் என்று அவள் நினைத்தாள்.

அன்றைக்குத்தான் நாத்தனாருக்குப் பல்வலி வந்திருந்தது.

இன்றைக்குப் போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவனை அழைத்துவரலாமா என்று கேட்பதுதான் அவள் திட்டம். மாசம் முடியப் போகிறது. அதற்குள் காலையில் வீட்டில் இப்படி இடி விழுந்துவிட்டது. அம்மா வீட்டுக்கு அனுப்பினாலும் சரி, முதலில் அவனை ஒரு கரை சேர்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். சாயங்காலம் கடையிலிருந்து நேராகப் படியேறி நாலாவது மாடிக்குப் போனாள்.

பின்னாலேயே மாமியாரும் நாத்தனாரும் கட்டிடத்துக்குள் நுழைந்ததை அவள் பார்க்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று மாமியார் குடையை வாள் மாதிரி பிடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

“அம்மா, படியிலயே போயிடலாம். இந்த லிஃப்ட் சொன்ன பேச்சு கேட்காது...”

“சொன்ன பேச்சு கேட்காததையெல்லாம் நான் பார்த்துட்டேன். ஏறு!”

மூடப்போன கதவை நிறுத்த மாமியார் குடையை நீட்டினாள். குடையின் நுனி கதவு ஓடும் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு படக்கென்று ஒடிந்தது. கதவு எப்படியோ முக்கி முனகி மூடியது. லிஃப்ட் ஒன்று தாண்டி, இரண்டு தாண்டி, மூன்றாவது மாடிக்கு முழங்கால் உயரம் மேலே போய், ஒரு குலுக்கலோடு நின்றேவிட்டது.

மேலே மருமகள் மேஜை ஓரத்தில் நின்றுகொண்டு, “நான் உங்ககிட்ட ஒரு தப்பு பண்ணிட்டேன்...” என்று ஆரம்பித்திருந்தாள். அப்போதுதான் கட்டிடமே அதிரும்படி அந்தக் குரல் கேட்டது.

“ஐயோ... அம்மா... யாராவது இருக்கீங்களா!”

“எங்க அத்தை!” என்று அலறிக்கொண்டே அவள் படிகளில் ஓடினாள். அவள் பின்னால் ஸ்வெட்டரும் ஊசியுமாகப் பேக்கரிக்காரர், ஒரு கையில் செருப்போடு போஸ்ட்மேன், பட்டாணிக் கிண்ணத்தோடு அந்தப் பெண், எல்லாருக்கும் பின்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு டீச்சர் என்று மொத்தக் கூட்டமும் இறங்கி வந்து மூன்றாவது மாடி லிஃப்ட் வாசலில் நின்றது.

“பயப்படாதீங்கம்மா! நாங்க இத்தனை பேர் இருக்கோம்!” என்று குரல் கொடுத்தார் பேக்கரிக்காரர்.

“யாரு நீங்க?” என்று உள்ளிருந்து வந்தது மாமியார் குரல்.

“குடிகாரங்கம்மா!”

உள்ளே நாத்தனார் வீலென்று கத்தினாள். “முன்னாள்! முன்னாள் குடிகாரங்க!” என்று போஸ்ட்மேன் அவசரமாகத் திருத்தினார். அதற்குள் காவலாளி ஓடிவந்தார். கம்பெனிக்குச் சொன்னால் ஆள் வர நேரமாகும் என்றார். லிஃப்டுக்கு மேலே ஒட்டியிருந்த பலகையை மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் புருஷன் வேலை பார்க்கும் கம்பெனியேதான்.

அவனை அழைத்தால் அவன் இங்கே வருவான். அவன் அம்மா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கொட்டுவாள். தினம் தினம் மூடி மூடி வைத்தது இந்தப் படிக்கட்டில் சிதறும். அழைக்காவிட்டால் அந்த இரண்டு பேரும் இருட்டுப் பெட்டிக்குள் எத்தனை நேரம் தவிப்பார்களோ! உள்ளே மாமியார் இருமும் சத்தம் கேட்டது. மருமகள் அதற்கு மேல் யோசிக்கவில்லை. போனை எடுத்தாள்.

பக்கத்துத் தெருவில்தான் வேலையாக இருந்தான். ஓட்டமும் நடையுமாகப் படியேறி வந்தவன், பொண்டாட்டியைப் பார்த்தான், அவளைச் சுற்றி நின்ற விசித்திரக் கூட்டத்தைப் பார்த்தான். முதலில் போய் மெயினை அணைத்தான். அணைத்ததை இரண்டு தடவை சரிபார்த்தான். பிறகு முக்கோணச் சாவியைப் போட்டு வெளிக்கதவைத் தள்ளினான். லிஃப்டின் தரை முழங்கால் உயரத்தில் நின்றிருந்தது. மூடியிருந்த உள்கதவு அந்தக் குலுக்கலில் ஒரு விரல் அகலம் மட்டும் விலகி இறுகிக் கிடந்தது. பள்ளத்தில் குடைக் கம்பி.

“அம்மா, நான்தான். ஒன்னும் ஆகாது. கதவுல சாயாம நில்லு.” அவன் வாசலில் மண்டியிட்டு வேலையை ஆரம்பித்தான். யாரும் சொல்லாமலேயே டீச்சர் அவன் பையிலிருந்த டார்ச்சை எடுத்துப் பிடித்தாள்.

“கண்ணா... வந்துட்டியாடா!” மாமியார் குரல் உடைந்தது. அடுத்த நொடியே உயர்ந்தது. “டேய், உன் பொண்டாட்டி குடிகாரிடா! காலையில அவ வாயாலயே ஒத்துக்கிட்டா! கேளு அவளை! நம்ம வீட்டுக்கே விஷம் வச்சுட்டாடா! நீ ஒரு சொட்டு தொடாதவன்... உனக்குப் போய் இப்படி ஒருத்தி! இன்னைக்கே அவளை அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பு. இல்லன்னா நான் இந்த லிஃப்டை விட்டே வெளிய வர மாட்டேன்!”

“அம்மா, அதை மட்டும் சொல்லாத,” என்றாள் ரேடியோ பரிதாபமாக.

அவன் கை நின்றது. தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தான்.

“ஒத்துக்கிட்டியா நீ?”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். “கதவைப் பாருங்க... மத்ததை அப்புறம் பேசிக்கலாம். உங்களுக்காக ஒரு கூட்டம் பார்த்தேன், அவ்வளவுதான். நான் எங்கம்மா வீட்டுக்குப் போனாலும் பரவாயில்ல. நீங்க இங்க வந்துடுங்க, அது போதும்...”

அவன் திரும்பிக் குனிந்தான். ஸ்குரூ டிரைவர் மறுபடி பள்ளத்தில் அசைய ஆரம்பித்தது. கம்பியை நெம்பிக்கொண்டே, அந்த விரல் அகல இடுக்கைப் பார்த்து அவன் பேசினான். பெரிய குரலில் இல்லை.

“அம்மா... அவ குடிக்கலம்மா. குடிச்சது நான்.”

பள்ளத்தில் கம்பி கொஞ்சம் அசைந்து கொடுத்தது.

“பொண்டாட்டியைக் காப்பாத்தச் சொல்றேன்னு நினைக்காத. அப்பா போன புதுசுல எல்லாரும் நீ நல்ல பிள்ளை நல்ல பிள்ளைன்னாங்களே, அப்பவே ஆரம்பிச்சாச்சு. இந்த டூல்ஸ் பை இருக்கே... இதுலதான் பாட்டில் இருக்கும். இவ என்னைத் தாங்கிக் கொண்டுபோய்ப் படுக்க வைப்பா. உங்கிட்ட காய்ச்சல்னு சொல்வா. நீ சுடச்சுடக் கஞ்சி வச்சு, ஊதி ஊதி ஊட்டி விடுவ. அதைக் குடிக்கிறப்பதான்மா எனக்கு உயிரே போகும்... ஒரு நாள் குடிச்சுட்டு மெயினை அணைக்காம குழிக்குள்ள இறங்கிட்டேன். செத்திருக்கணும். இப்ப நிறுத்தியிருக்கேன். ஆனா ஒவ்வொரு சாயங்காலமும் பயமா இருக்கும்மா. அப்பா மாதிரியேன்னு நீ சொல்லிடுவியோங்கிற பயம் அதை விடப் பெரிசு. அதனாலதான் அவ தன் பேரைக் கெடுத்துக்கிட்டா. அவ்வளவுதான்... இவ்வளவுதான் நான்.”

கண்ணைத் தோளில் துடைத்துத் துடைத்து அவன் சட்டை நனைந்திருந்தது. கை மட்டும் நிற்கவே இல்லை.

லிஃப்ட் வாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பேக்கரிக்காரர் ஊசியைப் பார்த்தார். போஸ்ட்மேன் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார். எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள்.

“கேட்டோம்.”

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். யாரும் தன்னை முறைத்துப் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் மறுபடி குனிந்துகொண்டான். மருமகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். உள்ளே இன்னும் சத்தமில்லை. மயக்கமாகிவிட்டாளோ என்று அவள் பதறி முன்னால் வந்தபோது, இடுக்கு வழியாக, இத்தனை வருஷத்தில் அவள் கேட்டிராத ஒரு சின்னக் குரல் வந்தது.

“நானும் கேட்டேன்டா கண்ணா...”

கம்பி தெறித்து வெளியே விழுந்தது. கதவு விலகியது.

முழங்கால் உயரத்துக்கு மேலே மாமியார் தலைமுடி கலைந்து, ஒடிந்த குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மகன் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைத் தாண்டித் துழாவி, மருமகளின் கையைத்தான் பிடித்தாள். பிடித்துக்கொண்டு இறங்கி, இறங்கிய வேகத்திலேயே அவள் தோளில் சாய்ந்தாள்.

“ஊதச் சொன்னேனேடி உன்னை... சாக்கடைன்னு சொன்னேனே... எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீ!”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா அத்தை நீங்க?” காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் மருமகளுக்கு இப்போது பீறிட்டது. “நீ அப்படிப்பட்டவளாம்மான்னு ஒரு தடவை... ஒரே ஒரு தடவை கேட்டிருந்தீங்கன்னா என் மனசு ஆறியிருக்குமே! இத்தனை வருஷம் உங்க கூடவேதானே இருக்கேன்... நேரா மோந்து பார்த்தீங்களே அத்தை!”

“தப்புதாம்மா... தப்பு...” மாமியார் அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள். அவன் மண்டியிட்ட இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. அடிக்கப் போகிறாள் என்றுதான் நாத்தனார் உட்பட எல்லாரும் நினைத்தார்கள். அவள் அவன் தலையில் கை வைத்தாள்.

“உங்கப்பா ஒரு நாளாவது இப்படி வாயைத் திறந்து சொல்லியிருந்தா, நான் அவரையும் தாங்கியிருப்பேன்டா. அவர் சொல்லவே இல்ல. நீ சொல்லிட்ட. நீ எப்படிடா அவர் மாதிரி ஆவ?”

பெரியவன், தோள் அகன்றவன், அந்த லிஃப்ட் வாசலில் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். ரேடியோ அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணி, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று விம்மினாள். அதை யாரும் நம்பவில்லை. ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சரிடம் போனாள். “டீச்சர், என்னை மன்னிச்சுடுங்க. நான் குடிச்சதே இல்ல. உங்களையெல்லாம் ஏமாத்திட்டேன்...”

“பிராந்தியைச் சூடான பால்ல கலந்து குடிச்சேன்னு நீ சொன்னப்பவே தெரியும்மா,” என்றாள் டீச்சர். “நீ யாரையோ கூட்டிட்டு வர இடம் பார்க்குறன்னு நினைச்சுக்கிட்டோம். இந்த மனுஷன் அன்னைக்குச் சிரிப்பை அடக்கினதுல ஒரு வரிசையே தப்பாப் பின்னிட்டாரு.” பேக்கரிக்காரர் கோணலான அந்த வரிசையைத் தூக்கிக் காட்டினார். “சரி, எல்லாரும் மேல வாங்க. கூட்டம் இன்னும் முடியல.”

எல்லாரும் படியேறினார்கள். லிஃப்ட் ஓடுகிறதா என்று பார்க்கலாமே என்று போஸ்ட்மேன் சொன்னதற்கு, மாமியார் பார்த்த பார்வையில் அவர் செருப்பைக் கீழே போட்டுவிட்டார்.

மேஜையில் மருமகளுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அவன் தயங்கி நின்றான். டீச்சர் மூலையிலிருந்து ஒரு பழுதான மின்விசிறியைத் தூக்கி அவன் முன்னால் வைத்தாள். அவன் அதன் கம்பி வலையைக் கழற்றினான். இறக்கையை விரலால் சுற்றிக் காதைக் கொடுத்துக் கேட்டான். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். பட்டாணிக்காரப் பெண் தன் கதையைப் பேச ஆரம்பித்தாள். அவள் முடித்தபோது, இறக்கையைத் துடைத்துக்கொண்டே, எல்லாரோடும் சேர்ந்து அவனும் “கேட்டோம்” என்றான். சுவரோரப் பெஞ்சில் மாமியார் ஒடிந்த குடையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இன்னொருவர் பேசினார், அதற்கடுத்து இன்னொருவர். அவன் எழுந்து ஓடவில்லை. மின்விசிறி ஓட ஆரம்பித்தது, டீச்சர் அடுத்ததைக் கொண்டுவந்து வைத்தாள்.

மருமகள் மெல்ல அவன் பக்கம் சாய்ந்து, கடையில் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

“இதுவா... இதுக்கு முன்னாடி போனதா? எது தெளிவா இருக்கு?”

அவன் ஸ்குரூ டிரைவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உதடு மட்டும் துடித்தது.

“இதுதான்டி.”

நாளைக் காலையில் சூப்பர்வைசரிடம் ஊதிக் காட்டிவிட்டு, குழுவில் சேர்ந்துவிட்டேன் என்று சொல்லுவான். அதை நினைத்தபோது அவளுக்கு எழுந்து நின்று கைதட்டவேண்டும் போலிருந்தது. இங்கே கைதட்டக் கூடாது என்பதால் பட்டாணியை இழுத்து வைத்துக்கொண்டு அவசர அவசரமாக உரித்தாள். கண்ணீர் கிண்ணத்தில் விழுந்துகொண்டிருந்தது.

தோளில் ஒரு கை பட்டது. மாமியார் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து பின்னால் நின்றிருந்தாள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் அத்தை என்று அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! என் கண்ணுக்கு என்னடி கேடு என்று அத்தனை தடவையும் விரட்டியவள், இப்போது அவள் காதருகில் குனிந்தாள்.

“நாளைக்குக் கடைக்கு வரேன். எனக்கும் போட்டுப் பாரும்மா... கண்ணு எதிர்ல இருந்தது ஒன்னும் எனக்குத் தெரியலையே.”

மருமகள் அந்தக் கையைத் தன் தோளோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

“கேட்டேன் அத்தை,” என்றாள்.